கண்டுக்காதே லிஸ்ட்

ஏப்ரல் 15, திங்கள்

பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் ஈரோட்டு வெயிலாவது சாயங்காலம் அடங்கும், நீ அடங்க மாட்டேங்கறே என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். காலையில் நான் செய்தது இவ்வளவுதான்: ஃப்ரிட்ஜில் இருந்த இட்லி மாவுப் பாத்திரத்தின் மேல் ‘பரிசோதனையில் உள்ளது, தொடாதீர்’ என்று சீட்டு ஒட்டினேன். அம்மா நிஜமாகவே அரை மணி நேரம் தொடவில்லை. கோபம் அதற்குத்தான்.

தண்டனை அப்பாவிடமிருந்து வந்தது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் அடிக்கும் எங்கள் கடையில் ஆன்டிவைரஸ் காலாவதியாகிப் பத்து நாள் ஆகிறதாம். எதை வாங்குவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. எல்லா நிறுவனமும் முப்பது நாள் இலவசமாகத் தருகிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கடைக்கு எது, வீட்டுக்கு எது என்று நான் அறிக்கை எழுதித் தரவேண்டும். நன்றாக எழுதினால் கடையின் பழைய கம்ப்யூட்டர் என் அறைக்கு வரும்.

அவர்கள் அதற்கு ‘சோதனைக் காலம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கும் அதே பெயர்தான் பொருந்தும்.

ஏப்ரல் 16, செவ்வாய்

மூன்றை எடுத்திருக்கிறேன். கம்பெனிப் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் படத்தை வைத்துக் கூப்பிடுகிறேன்: கேடயம், குடை, ஆந்தை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் முதலில் கேடயம். முன்பு ஒரு நிமிடம் பத்து விநாடியில் கண் விழித்த கம்ப்யூட்டர் இப்போது நாலு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. நடுவில் எழுந்து போய் ஒரு மாம்பழத்தைத் தோல் சீவித் தின்றுவிட்டு வந்தேன், அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு உண்மைதான். கம்ப்யூட்டரே ஓடாவிட்டால் வைரஸ் எங்கே ஓடும்?

மத்தியானம் குடை. வேகம் குறையவில்லை. ஆனால் மணிக்கொரு தடவை ஓரத்தில் எட்டிப் பார்த்து ‘நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்கிறது. மைசூர்பாகு கிளறும் வீடியோவில் பதம் பார்க்கும் இடத்தில் அது வந்து மறைத்ததால், இது எந்த ஊர் சொந்தக்காரன் என்று அம்மா கேட்டார்.

ஏப்ரல் 18, வியாழன்

இன்று திருடன் வேஷம். வைரஸ் மாதிரி நடிப்பதற்கென்றே ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது. ஒரே ஒரு வரிதான், எதையும் கெடுக்காது. ஆனால் எந்த ஆன்டிவைரஸும் அதைப் பிடித்தாக வேண்டும். கேடயம் பிடித்தது. குடை பிடித்தது. ஆந்தை நான் சேமித்து முடிப்பதற்குள் பிடித்து, சிவப்புப் பெட்டி காட்டி, ஒரு அலறல் அலறியது. காட்டிக்கொடுப்பதில் எங்கள் வகுப்பு லீடரை விட வேகம்.

ஆந்தையில் வீட்டுப் பதிப்பு, தொழில் பதிப்பு என்று இரண்டு. தொழில் பதிப்பில் கூடுதலாக ஒரு வசதி: அமைப்புகளை யாரும் மாற்ற முடியாதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம். எங்கள் கடையில் கம்ப்யூட்டரைத் தொடுவது மூன்றே பேர். அப்பா, மாதேஸ்வரி அக்கா, இப்போது நான். இதில் யாரிடமிருந்து யாருக்குப் பூட்டு? ‘தேவையில்லாத ஆடம்பரம்’ என்று குறித்துக்கொண்டேன். கடைக்கும் வீட்டுப் பதிப்பே போதும்.

ஏப்ரல் 20, சனி

மாதேஸ்வரி அக்கா பவானியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். பதினாலு வருஷமாக எங்கள் கடையில் பத்திரிகை தட்டச்சு, வடிவமைப்பு எல்லாம் அவர்தான். நாற்காலியில் சொந்தமாக ஒரு பூப்போட்ட மெத்தை வைத்திருக்கிறார். அதன் அடியில் நான் மூன்று தடவை அப்பளம் வைத்திருக்கிறேன். ஒரு தடவையும் திட்டியதில்லை. நொறுங்கியதை எடுத்து, சாப்பாட்டுக்கு ஆச்சு என்று டப்பாவில் போட்டுக்கொண்டார்.

இன்று அவர் கம்ப்யூட்டரில் ஆந்தையை ஏற்றினேன். ஐந்தாவது நிமிடம் தமிழ் செத்துவிட்டது. அக்கா தட்டினால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அக்காவின் விரலுக்குத் தெரிந்தது பழைய டைப்ரைட்டர் முறை. அதற்கான தமிழ் சாஃப்ட்வேர் யாரோ ஒருத்தர் பூட்டை உடைத்து சிடியில் கொடுத்தது. பூட்டை உடைத்த சாமான் என்பதால் எந்த ஆன்டிவைரஸ் வந்தாலும் முதல் வேலையாக அதைத் தூக்கிக் குப்பையில் போடும். அதனால் எங்கள் சந்தில் உள்ள எல்லா அச்சுக்கடையிலும் ஒரே வழக்கம். காலையில் வந்ததும் சாமி படத்துக்கு ஊதுவத்தி, அடுத்து ஆன்டிவைரஸை அமத்துவது, அதாவது அணைத்து வைப்பது, அடுத்து தட்டச்சு. பணம் கொடுத்து வாங்கிய காவல்காரனைத் தினமும் தூங்க வைத்துவிட்டுத்தான் கடையே ஓடியிருக்கிறது. இதற்காக அப்பா அக்காவைப் பல தடவை சத்தம் போட்டிருக்கிறாராம்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆந்தைக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எந்த ஃபோல்டரைச் சேர்க்கிறோமோ, அந்தப் பக்கம் ஆந்தை திரும்பியே பார்க்காது. அதற்கு ‘கண்டுக்காதே லிஸ்ட்’ என்று பெயர் வைத்தேன். தமிழ் சாஃப்ட்வேர் இருக்கும் ஃபோல்டரை மட்டும் அதில் போட்டேன். தமிழ் பிழைத்துக்கொண்டது, ஆந்தையும் முழித்துக்கொண்டிருக்கிறது.

“இனி அமத்தவே வேண்டியதில்லைங்களா அம்மணி?” என்று அக்கா இரண்டு தடவை கேட்டார்.

வேண்டியதில்லை என்று பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன்.

ஏப்ரல் 22, திங்கள்

அப்பாவின் பில் கம்ப்யூட்டரிலும் ஆந்தை ஏற்றியாகிவிட்டது.

இன்னொரு சாதனை. கல்யாண வீட்டுக்காரர்கள் போட்டோவும் விவரமும் பென் டிரைவில் கொண்டுவருவார்கள். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு, சீக்கிரம் கொடுங்க என்று நிற்பார்கள். முதலில் ஸ்கேன் பண்ணு என்பது அப்பாவின் சட்டம். ஒரு பென் டிரைவுக்கு ஏழு நிமிடம் ஆகிறது. நான் சோதித்துப் பார்த்தேன்: அக்கா கோப்புகளை வைக்கும் டி டிரைவுக்கு நகல் எடுக்கும்போதே ஆந்தை பிடித்துவிடுகிறது. தனி ஸ்கேன் வீண். அக்காவிடம் நேராக நகல் எடுக்கச் சொல்லிவிட்டேன். நம்பாமல் பார்த்தார். சோதனைக் கோப்பைப் பென் டிரைவில் வைத்து அவர் கண் முன்னால் நகல் எடுத்தேன். ஆந்தை அலறியது. அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அறிக்கையில் ‘நேரம் மிச்சம்’ என்று மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

சித்ரா பௌர்ணமி. அக்கா குலதெய்வம் கோயிலுக்கு லீவு. கடையில் நானும் ஃபேனும்.

சும்மா இருக்க முடியவில்லை. திரையில் கரப்பான்பூச்சி ஓடும் ஒரு குறும்பு சாஃப்ட்வேரை அக்காவின் கம்ப்யூட்டரில் இறக்கினேன். பெயர் வைத்தாகிவிட்டது: கரப்புசாமி. ஆந்தை அவரைப் பிடித்துப் பிடித்துத் தின்கிறது. ஃபோல்டர் மாற்றினேன், தின்றது. பெயர் மாற்றினேன், தின்றது. வெறுத்துப் போய் டி டிரைவ் முழுவதையும் கண்டுக்காதே லிஸ்டில் போட்டுவிட்டு, கரப்புசாமியை அங்கே குடி வைத்தேன். இனி சாமிக்கு யாராலும் ஆபத்து இல்லை.

மத்தியானம் தக்காளி சாதம்.

ஏப்ரல் 24, புதன்

அமோக வெற்றி. மாப்பிள்ளை பெயருக்கு மேலே கரப்புசாமி ஏறினார். அக்கா செருப்பைக் கழற்றித் திரையை அடிக்கக் கை ஓங்கிவிட்டார். அப்பா பில் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

ஏப்ரல் 29, திங்கள்

கரப்புசாமி பழசாகிவிட்டார். இன்று புதுசு: திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் சிவப்பில் ‘உங்கள் கோப்புகள் அனைத்தும் காலி. காபி வாங்கித் தந்தால் மட்டுமே மீட்க முடியும்.’

அக்காவின் முகம் வெளிறியதைப் பார்த்தபோது ஒரு நொடி எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அடுத்த நொடி காபி வரியைப் படித்துவிட்டார். காபி வந்தது. குடிக்கும்போது, “உன்ற விளையாட்டு எது, வெனை எதுன்னு எனக்குத் தெரியாமப் போகப் போகுது அம்மணி” என்றார். நான் சர்க்கரை கம்மி என்றேன்.

மே 4, சனி

போர் அடிக்கிறது. அறிக்கை நாளைக்கு.

மே 8, புதன்

அறிக்கை நாளைக்கு. வைகாசி முகூர்த்தம் நெருங்குகிறது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பதினொரு பத்திரிகை கையில் இருக்கிறது. முடிந்ததை ஒரு பிரதி எடுத்துப் பச்சை அட்டையில் கோர்த்து வைக்கிறார். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே, பேப்பர் எதற்கு என்று கேட்டேன். கம்ப்யூட்டர் உங்க வகையறா, பேப்பர் எங்க வகையறா என்றார்.

மே 11, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலு மணிக்குக் கடைக்குப் போனேன். அக்கா தட்டிக்கொண்டே, திரும்பாமல், “இந்தத் தடவ இங்கிலீசுல உட்டிருக்க போல” என்றார்.

எதை என்று கேட்டேன்.

“அதான், கறுப்புத் திரை. மூணு மணிக்கு வந்துச்சு. காபி எங்கேன்னு தேடிப் பாத்தேன், ஒண்ணும் புரியல. மூடிப்போட்டு வேலையப் பாக்கறேன்.”

நான் எதையும் விடவில்லை.

டி டிரைவைத் திறந்தேன். பெருந்துறைக் கல்யாண வீட்டுக்காரர் காலையில் கொடுத்த பென் டிரைவின் நகல் அங்கே இருந்தது. உள்ளே ஃபோல்டர் மாதிரிப் படம் போட்ட ஒன்று. அக்கா போட்டோக்கள் என்று நினைத்து அதைத் தட்டியிருக்கிறார். அது ஃபோல்டர் இல்லை. ஒவ்வொரு கோப்பின் பெயரும் வால் முளைத்து மாறியிருந்தது. பதினொரு பத்திரிகையும் பூட்டு. போன வருஷத்தவை பூட்டு. பாதுகாப்புக்கு நகல் வைக்கும் ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியே கிடந்ததால் அதுவும் பூட்டு. பணம் அனுப்பினால்தான் திறப்பார்களாம். மூன்று மணிக்கே கரண்ட் ஒயரைப் பிடுங்கியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும்.

நெட்வொர்க் ஒயர் வழியே அது எட்டிப் பார்த்த பில் கம்ப்யூட்டரில் ஆந்தை மூன்று தடவை அலறி, உள்ளே விடாமல் தடுத்துவிட்டது. அதே ஆந்தைதான்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். கை தட்டச்சுப் பலகையிலேயே இருந்தது.

மே 12, ஞாயிறு

கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்தது.

அப்பா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “பதினாலு வருசமாச் சொல்றேன் மாதேஸ்வரி. தமிழ் வரலைன்னா அதைய அமத்திப்போடறது. இப்பவும் அதானே?”

“அமத்தலைங்ணா.”

“ஸ்கேன் பண்ணுனியா?”

இல்லை என்று அக்கா தலையாட்டினார்.

“என்ற மிசின்ல கத்துச்சு. உன்றதுல ஏன் கத்தல?”

அக்கா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் பிரிண்டரின் பேப்பர் தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

“தெரியலைங்ணா” என்றார்.

கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம், நானே கூப்பிடுகிறேன் என்று அப்பா சொன்னார். யாரும் யாரையும் கூப்பிடப் போவதில்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. அக்கா டிபன் டப்பாவை எடுத்தார். பிறகு நாற்காலியிலிருந்து பூப்போட்ட மெத்தையை எடுத்துத் தட்டி, பைக்குள் வைத்தார். பச்சை அட்டையை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமைக்குள் அந்த கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றச் சொன்னார் அப்பா. அந்த வேலை எனக்கு.

மே 13, திங்கள்

துடைப்பதற்கு முன்னால் ஆந்தையின் பதிவேட்டைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியவில்லை. ஆந்தை எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது. நான் எழுதுவதை விட நேர்மையாக.

‘ஏப்ரல் 23, காலை 11.42. டி டிரைவ் முழுவதும் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.’

வருகைப் பதிவேட்டில் ஏப்ரல் 23-க்கு நேராக அக்காவின் எழுத்தில் ‘லீவு’.

துடைத்தால் இந்த வரியும் போய்விடும். அப்பாவே துடைக்கச் சொல்லியிருக்கிறார். சொன்ன வேலையைச் செய்வது நல்ல பிள்ளைக்கு அழகு.

துடைக்கவில்லை. டீ வாங்கி வந்தேன். கட்டிங் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். ஃபேனை ஒன்றில் வைத்தேன், ஐந்தில் வைத்தேன். பச்சை அட்டையில் இருந்த பிரதியைப் பார்த்து, பில் கம்ப்யூட்டரில் ஒரு பத்திரிகை தட்ட உட்கார்ந்தேன். ஒரு விரலால் நாலு மணி நேரம். முடித்தபோது மணப்பெண்ணின் தாய்மாமன்கள் ஐந்து பேரில் மூன்று பேர்தான் இருந்தார்கள். மறுபடி முதலிலிருந்து.

மே 14, செவ்வாய்

துடைத்தாயா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். நடந்துகொண்டிருக்கிறது என்றேன். நடந்துகொண்டிருந்தது நான்தான். வாசலுக்கும் பிரிண்டருக்கும்.

ஒரு கல்யாண வீட்டுக்காரர், இனி தாங்காது, வேறு கடை பார்க்கிறேன் என்று போய்விட்டார். பாக்கி பத்து.

அம்மா போனில் அக்காவிடம் பேசியிருக்கிறார். பவானி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குக் கேட்டிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை சேர வேண்டும். என்ன நடந்தது என்று அம்மா துருவியும் அக்கா ஒன்றும் சொல்லவில்லையாம். என்னைப் பற்றி மட்டும், மிருதுளா சாப்பிட்டாளா என்று கேட்டாராம்.

சாப்பிடவில்லை.

மே 15, புதன்

காலையில் கடை திறந்ததும் ஆந்தையின் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை அச்சிட்டேன். கறுப்பு மசி தீரும் நேரம், எழுத்து வெளிறித்தான் வந்தது. 11.42 மட்டும் பளிச்சென்று விழுந்தது. வருகைப் பதிவேட்டையும் சேர்த்து அப்பா முன்னால் வைத்தேன். ஸ்கேன் வேண்டாம் என்று சொன்னது நான், டி டிரைவைத் திறந்துவிட்டது நான், கறுப்புத் திரையை என் விளையாட்டு என்று நினைத்து அக்கா மூடியதும் என்னால்தான் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தியிருந்தால் மூன்றாவதை விட்டிருப்பேன்.

அப்பா 11.42 மேல் விரலை வைத்தார்.

“அந்தக் கரப்பான் இன்னும் இருக்குதா?”

“இல்லீங்ப்பா. வைரஸ் அதையும் பூட்டிருச்சு.”

சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பவானிக்கு விட்டார்.

அக்கா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். அப்பா வண்டியிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றாமலே நின்று, “தப்பு எங்க ஊட்டுலதான் மாதேஸ்வரி. நான் கேக்காமப் பேசிப்போட்டேன்” என்றார். அப்பா யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அந்தத் துணிகளுக்குள் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அப்பா கேட்டதற்கு, “புள்ளையக் காட்டிக் குடுத்துப்போட்டு அதே நாற்காலில உக்காந்து நான் என்னத்தத் தட்டறதுங்ணா” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லுவேன்னு தெரியும். எத்தன நாள்னுதான் தெரியல.”

“நாலு நாள்” என்றேன்.

“நாலு நாள் ஜாஸ்தி அம்மணி.”

வாளியில் மிச்சமிருந்த ஈரத் துணியை எடுத்துக் கொடியில் போட்டேன்.

உடனே வருகிறேன் என்று அக்கா சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறாரே.

மே 16, வியாழன்

கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டேன். நான் தட்டிய பத்திரிகை ஒன்று. பாக்கி ஒன்பது. வாசலில் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எழுந்தேன். எங்கள் சந்துக்குள் பஸ்ஸே வராது.

மே 17, வெள்ளி

ஒன்பது பத்துக்கு மெத்தை வந்தது. பின்னாலேயே அக்கா.

மே 18, சனி

ஒன்றரை நாளில் ஒன்பது பத்திரிகை. நான் பச்சை அட்டையைப் பிடித்துப் படிக்கப் படிக்க அக்கா தட்டினார். என்னுடையதையும் வாங்கிப் பார்த்து, தாய்மாமன்கள் ஐந்து பேரும் இருக்கிறார்களா என்று எண்ணினார். கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை.

மே 20, திங்கள்

அறிக்கை கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம்தான்.

வீட்டுக்கு: குடை. முப்பது நாளுக்குப் பிறகும் கிடைக்கும் அதன் இலவசப் பதிப்பே போதும். அம்மா அதனிடம் பதில் பேசப் பழகிவிட்டார்.

கடைக்கு: ஆந்தை, தொழில் பதிப்பு. தமிழ் சாஃப்ட்வேர் முறையாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அப்போது கண்டுக்காதே லிஸ்டே தேவைப்படாது. நகல் எடுக்கும் டிஸ்க்கை வேலை முடிந்ததும் பிடுங்கி வைக்க வேண்டும். பென் டிரைவுக்கு ஏழு நிமிடம் ஆகட்டும், கல்யாண வீட்டுக்காரருக்கு மோர் கொடுக்கலாம்.

‘அமைப்புகளைப் பூட்டும் கடவுச்சொல்: தேவையில்லாத ஆடம்பரம்’ என்று ஏப்ரலில் எழுதியதை அடித்துவிட்டு, ‘தேவை. காரணம்: நான்’ என்று எழுதினேன்.

பழைய கம்ப்யூட்டர் என் அறைக்கு வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மே 22, புதன்

ஆந்தை தொழில் பதிப்பு வந்தது. கடவுச்சொல் போடும் இடத்தில் அப்பா எழுந்து, நாற்காலியை அக்காவுக்குத் தள்ளினார். இருவரும் வெளியே போங்கள் என்றார் அக்கா. அப்பாவும் நானும் வாசலில் நின்றோம். என்னவென்று பிறகு அப்பா கேட்டதற்கு, “உங்களுக்கு எதுக்குங்ணா” என்று சொல்லிவிட்டார்.

மே 24, வெள்ளி

மூன்று நாளாக ஒழுங்காக இருந்தேன். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அக்கா சாப்பிடப் போன நேரம். எதையும் மாற்றுவதற்கில்லை, சத்தியமாக. கடவுச்சொல் என்னவாக இருக்கும் என்ற அரிப்புதான். அவர் மகள் பெயர் போட்டேன். இல்லை. பவானி. இல்லை. ‘கரப்புசாமி’. அதுவும் இல்லை. நல்ல பிள்ளையாக மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் என் நோட்டுக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. ஆந்தையின் பதிவேடு, புது மசியில், பளிச்சென்று: மதியம் 1.20, 1.21, 1.23, மூன்று தவறான முயற்சிகள். அடியில் அக்காவின் எழுத்து.

‘இதை நாலு நாளைக்குள்ள நீயா அப்பாகிட்டச் சொல்லு. இன்னைக்கே சொன்னா, நாளைக்குக் காபி என் செலவு.’

அப்பா பில் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தப் பேனாவை மூடிவிட்டுப் போகிறேன்.